பிடியரிசியும் சிறைக்கதவும்



ஆகஸ்டு மாதத்தின் இரண்டாம் ஞாயிறு, இந்தியத் திருச்சபையில் சிறைப்பணி ஞாயிறு. அன்று நம் கோயில்களில் சிறைப்பட்டோருக்காக மன்றாட்டுகள் எழும், காணிக்கையும் எடுக்கப்படும். அதே மாதம் 14-ஆம் நாள் புனித மாக்சிமிலியன் கோல்பேயின் திருநாள். 1941-ஆம் ஆண்டு அவுஷ்விட்ஸ் வதைமுகாமில், மனைவி மக்களை நினைத்துக் கதறிய சக கைதி ஒருவருக்குப் பதிலாகத் தம் உயிரைக் கொடுத்த அக்குருவைத்தான் இந்தியச் சிறைப்பணி தன் பாதுகாவலராகக் கொண்டுள்ளது. அந்நாள்கள் வருமுன்னர், என் மனத்தை நெடுநாளாக உறுத்தி வரும் நிகழ்ச்சி ஒன்றை உங்களிடம் சொல்லிவிட விரும்புகிறேன். அது பெருமைக்குரியதன்று. ஆயினும் அதனால் யாருக்கேனும் பயன் விளையும் என நம்புகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் நான் பணியாற்றிய பங்கில், கிறிஸ்து பிறப்பு விழாவையொட்டிச் சிறைச்சாலைக்குச் சென்று வருவோம் என்று இளைஞர்கள் முன்வந்தனர். எல்லாருக்கும் ஒரே உற்சாகம். மூன்று ஞாயிறுகளில் கணிசமான தொகை சேர்ந்தது. முறைப்படி அனுமதி பெற்று, ஒரு வேன் நிறையக் கேக், துண்டு, சோப்பு ஆகியவற்றுடன் புறப்பட்டோம். பாடல்கள் பாடினோம், கைதிகளும் சேர்ந்து பாடினர். சிலர் கண்கலங்கினர். நாங்களும் கலங்கிய கண்களோடு திரும்பினோம். புகைப்படம் பங்கு மடலில் வெளியாயிற்று. சேர்ந்த பணத்தில் ஒரு ரூபாய்கூட மீதமின்றிச் செலவிட்டோம் என்று நானே பலிபீடத்தருகில் நின்று பெருமையோடு அறிவித்தேன்.

அடுத்த ஜூன் மாதத்தில் ஒரு நாள் நண்பகல் வேளை. பங்கு இல்லத் திண்ணையில் வயது முதிர்ந்த தாய் ஒருவர் வந்து அமர்ந்திருந்தார். பக்கத்துக் கிராமத்தவர். கூலி வேலையிலிருந்து நேராக வந்தவர் என்பது காலிலிருந்த சேற்றில் தெரிந்தது.

“சாமி, எம்மவனுக்கு ஜாமீன் கெடச்சு நாப்பது நாளாச்சு. இன்னும் உள்ளேதான் கெடக்கான். ரெண்டு பேரு ஜாமீன் நிக்கணுமாம். எங்களுக்கு யாரு நிப்பா?”

வழக்கு மன்றம் விடுவிக்கச் சொல்லிவிட்டது. ஆனால் கதவு திறக்கவில்லை. ஜாமீன் நிற்க இருவர் வேண்டும். அவர்களுக்குச் சொத்து இருக்க வேண்டும். வட்டாட்சியர் அலுவலகத்தில் சொத்து மதிப்புச் சான்று பெற வேண்டும். அதற்கு நாலைந்து முறை அலைய வேண்டும். அத்தாய் ஒரு நாள் அலைந்தால் அன்றைய கூலி போயிற்று. கூலி போனால் அன்றைய உலை இல்லை. இவ்வாறு நாற்பது நாள்கள் கழிந்திருந்தன.

பங்குப் பேரவையைக் கூட்டினேன். கையில் பணமில்லை. “அடுத்த கிறிஸ்துமஸ் வசூலில் பார்த்துக்கொள்ளலாம்” என்றார் ஒருவர். ஜாமீன் நிற்பவருக்கு என்னென்ன பொறுப்பு என்பது எங்களில் யாருக்கும் தெரியாது. தெரியாததால் அனைவரும் அஞ்சினர். நானும் அஞ்சினேன். எங்கள் தயக்கமெல்லாம் தீர்ந்து, ஒரு வழக்கறிஞரைக் கண்டு, இருவரை ஆயத்தப்படுத்தி அம்மனிதர் வெளியே வர மேலும் 23 நாள்கள் ஆயின. மொத்தம் 63 நாள்கள். அதற்குள் அவர் வேலை செய்துவந்த பட்டறையில் வேறோர் ஆளை அமர்த்திவிட்டனர். ஆறாம் வகுப்பில் சேர வேண்டிய அவருடைய மகள் பள்ளி திறந்தும் வீட்டில் இருந்தாள்.

வெளியே வந்த மறுநாள், நன்றி சொல்வதற்காக அவர் என்னைப் பார்க்க வந்தார். குறை ஒன்றும் சொல்லவில்லை. புறப்படும்போது மட்டும் சொன்னார்: “கிறிஸ்துமசுக்கு நீங்க வந்தப்போ நானும் உள்ளேதான் சாமி இருந்தேன். கேக்கு நல்லா இருந்துச்சு. அதுக்கப்புறம் ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் நீங்க வருவீங்கன்னு பார்த்துக்கிட்டே இருப்பேன்.”

இவ்வளவே நிகழ்ந்தது. அவர் குற்றம் செய்தாரா இல்லையா என்பதைத் தீர்ப்பது வழக்கு மன்றத்தின் வேலை. நான் அன்று தீர்க்க வேண்டியிருந்தது என் கணக்கை. நாங்கள் ஒரு நாளைக்காகப் பணம் திரட்டினோம். அவருக்குத் தேவை ஏற்பட்டதோ வேறொரு நாளில்.

இது ஒரு பங்கின் கதை மட்டுமன்று. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, 2022-ஆம் ஆண்டு இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்தவர்கள் 5,73,220 பேர். அவர்களுள் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். அதாவது நால்வரில் மூவர் இன்னும் தண்டனை பெறாதவர்கள். இவர்களில் எத்தனை பேருக்காக ஒரு தாய் எங்கோ ஒரு திண்ணையில் காத்திருக்கிறாளோ, ஆண்டவர் அறிவார்.

சட்டம் ஏழையை முற்றிலும் மறந்துவிட்டது என்று சொல்வதற்கில்லை. 1978-இல் மோத்திராம் என்னும் ஏழைக் கொத்தனாரின் வழக்கு உச்ச நீதிமன்றத்தின் முன் வந்தது. அவருக்குக் கீழ் நீதிமன்றம் 10,000 ரூபாய்க்கு ஜாமீன் கேட்டிருந்தது. ஜாமீன் நிற்க வந்த சகோதரரோ வேறு மாவட்டத்துக்காரர் என்று மறுக்கப்பட்டார். நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் இதைக் கண்டித்து, 1,000 ரூபாய்ச் சொந்தப் பிணையில் அவரை விடுவிக்கச் செய்தார். 1987-ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம், காவலில் உள்ள எவருக்கும் இலவசச் சட்ட உதவி பெறும் உரிமையைத் தந்தது. ஜாமீன் கிடைத்தும் ஏழு நாள்களுக்குள் ஒருவர் வெளியேறாவிடில், சிறைக் கண்காணிப்பாளர் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் பணித்தது. வறிய கைதிகளுக்கு உதவும் திட்டமொன்றை மத்திய அரசு 2023-இல் வகுத்தபோது, ஜாமீன் தொகைக்காக 40,000 ரூபாய் வரையிலும், தண்டிக்கப்பட்டோரின் அபராதத்துக்காக 25,000 ரூபாய் வரையிலும் வழங்க வழி செய்தது. 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின்படி, முன்னர் எக்குற்றத்துக்கும் தண்டிக்கப்படாத ஒருவர், தம்மீது சாட்டப்பட்ட குற்றத்துக்குரிய உச்சத் தண்டனைக் காலத்தில் மூன்றில் ஒரு பங்கைச் சிறையில் கழித்திருந்தால் ஜாமீனில் வெளிவரலாம். மரண தண்டனைக்கோ ஆயுள் தண்டனைக்கோ உரிய குற்றங்களுக்கும், பல வழக்குகள் உள்ளோருக்கும் இது பொருந்தாது.

இவ்வளவு இருந்தும் அத்தாய் ஏன் திண்ணையில் வந்து அமர்ந்தார்? எழுதப்பட்ட உரிமை தானாக நடந்து ஏழையின் வீட்டுக்கு வருவதில்லை. யாராவது ஒருவர் அதை எடுத்துச் சொல்ல வேண்டும். விண்ணப்பம் எழுத வேண்டும். பேருந்து ஏறிச் சென்று கொடுக்க வேண்டும். பதில் வராவிட்டால் மறுபடியும் செல்ல வேண்டும். சிறைப்பணியின் பெரும்பகுதி இந்த ‘மறுபடியும்’ என்ற சொல்லில்தான் அடங்கியிருக்கிறது. அதற்குப் பெருந்தொகை வேண்டியதில்லை; ஆனால் ஒவ்வொரு மாதமும் வேண்டும்.

திருமறை நூலில் இதற்கு ஒரு முன்மாதிரி உண்டு. புனித சின்னப்பர் சிறையிலிருந்து பிலிப்பி நகரத் திருச்சபைக்கு எழுதிய திருமுகத்தை எடுத்துப் பாருங்கள். அன்பையும் மகிழ்ச்சியையும் பற்றிய அம்மடல், பணம் பெற்றுக்கொண்டதற்கு எழுதிய நன்றிக் கடிதமும் ஆகும். அக்காலத்தில் சிறைப்பட்டவருக்கு உணவும் உடையும் பெரும்பாலும் வெளியிலிருந்து உற்றார் உறவினரே கொடுத்தாக வேண்டும். பிலிப்பியர் தங்கள் கொடையை எப்பப்பிராதித்து என்பவர் கையில் கொடுத்தனுப்பினர். சென்ற இடத்தில் அவர் நோயுற்றுச் சாகும் தறுவாய்க்குப் போய் மீண்டார். கொடுத்தவர்கள் பலர், கொண்டு சேர்த்தவர் ஒருவர். இருவகையினரும் இல்லாவிடில் கொடை சிறைக்குள் போய்ச் சேர்ந்திராது.

பிலிப்பியர் முதன்முறையாகக் கொடுத்தவர்களும் அல்லர். சின்னப்பர் தெசலோனிக்காவில் இருந்தபோதே ஒன்றுக்கு மேற்பட்ட முறை உதவியவர்கள். இடையில் சில காலம் அவர்களால் உதவ இயலவில்லை. சின்னப்பர் அதைக் குறையாகச் சொல்லவில்லை. அக்கறை இருந்தது, வாய்ப்புத்தான் இல்லை என்று அவர்கள் சார்பில் தாமே காரணம் கூறுகிறார். இப்பகுதியைப் படிக்கும்போதெல்லாம் அம்மனிதர் என்னிடம் சொன்ன சொற்கள் என் நினைவுக்கு வருகின்றன. சிறையில் இருப்பவர்கள் நம்மைக் குறை கூறுவதில்லை. அதனாலேயே நம் குறை நமக்குத் தெரியாமல் போய்விடுகிறது.

பிலிப்பியர் ஏன் இவ்வாறு கொடுத்தனர்? சின்னப்பரும் சீலாவும் அடிபட்டுத் தொழுமரத்தில் மாட்டப்பட்டது பிலிப்பி நகரச் சிறையில்தான். அன்றிரவே அவர்களுடைய காயங்களைக் கழுவி, தன் வீட்டுக்கு அழைத்துச் சென்று உணவளித்த சிறைக்காவலரும் அவர் குடும்பத்தாரும் அந்நகரின் முதற் கிறிஸ்தவர்களுள் சேர்ந்தவர்கள். சிறை என்றால் என்னவென்று அறிந்த திருச்சபை அது.

பின்வந்த காலத்திலும் திருச்சபை இப்பணிக்கு வேண்டிய பொருளை ஓர் ஒழுங்கோடுதான் தேடியது. அடிமைகளாகப் பிடிபட்டவர்களை மீட்பதற்கென்று புனித மாத்தா அருளப்பர் தொடங்கிய திரித்துவ சபையின் ஒழுங்கு 1198-இல் திருத்தந்தை மூன்றாம் இன்னசென்ட்டால் அங்கீகரிக்கப்பட்டது. சபைக்கு வரும் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கு சிறைப்பட்டோரின் மீட்புக்கு என்பது அதன் விதி. மீதமிருந்தால் கொடுப்பது என்பதன்று. வந்தவுடனே பிரித்து வைப்பது. நம் காலத்தில், கோட்டயத்தை அடுத்த வடவாதூர் குருமடத்தின் மாணவர்கள் 1981-இல் தொடங்கிய சிறிய முயற்சியே இன்று இந்தியச் சிறைப்பணியாக நாடெங்கும் பரந்துள்ளது. பெருஞ்செல்வர் எவரும் அதைத் தொடங்கவில்லை. திருத்தந்தை பிரான்சிஸ் நோயின் தளர்ச்சியிலும் 2025 ஏப்ரல் 17, பெரிய வியாழனன்று, உரோமையின் ரெஜினா சேலி சிறைக்குச் சென்றார். நான்காம் நாள் இறைவனடி சேர்ந்தார். உரோமையில் இளங்குற்றவாளிகளுக்கான சிறையில் இயங்கும் உணவுத் தொழிற்கூடத்தின் கடனுக்காகத் தம் சொந்தக் கணக்கிலிருந்து 2,00,000 யூரோ கொடுத்தார் என்பதைச் சிறைப்பணிக்குப் பொறுப்பான துணை ஆயர் பின்னர் வெளியிட்டார்.

திருத்தந்தை கொடுத்த தொகை நம்மிடம் இல்லை. நம் வீட்டில் என்ன இருக்கிறது?

இந்தக் கேள்விக்கு எங்கள் பங்கில் விடை சொன்னவர் மாதா சபையைச் சேர்ந்த ஒரு மூதாட்டி. அந்த 63 நாள்களின் கதையை நான் கூட்டத்தில் சொல்லி முடித்ததும் அவர் எழுந்து, “எங்க காலத்துல பிடியரிசி எடுத்து வைப்போம் சாமி. அதை மறந்துட்டோமே” என்றார்.

இளைஞர்களுக்காக இதைச் சிறிது விளக்க வேண்டும். அக்காலத்தில் உலையில் அரிசி போடுமுன் ஒரு பிடி அள்ளித் தனிக் கலயத்தில் இடுவது நம் தாய்மாரின் வழக்கம். வாரக் கடைசியில் அதைத் திரட்டிக் கோயிலுக்கோ ஏழைகளுக்கோ கொடுப்பார்கள். அந்த ஒரு பிடியால் எவர் வீட்டிலும் சோறு குறைந்ததில்லை. ஆனால் ஊர் முழுவதும் சேர்ந்தபோது மூட்டையாயிற்று. கொரிந்தியருக்குச் சின்னப்பர் கூறிய அறிவுரையும் இதுவே: தாம் வரும்போது வசூல் செய்வதற்குப் பதிலாக, வாரத்தின் முதல் நாளில் ஒவ்வொருவரும் தம்மால் இயன்றதைச் சேர்த்து வைக்கட்டும் என்றார்.

அவ்வாறே எங்கள் பங்கில் அடுப்படியில் ஒரு டப்பா வைத்தோம். அரிசிக்குப் பதிலாக நாளுக்கு ஒரு ரூபாய். மாதம் 30 ரூபாய். தொடங்கியபோது 140 குடும்பங்கள் சேர்ந்தன; ஆறு மாதத்தில் 90 ஆகக் குறைந்தது. ஆயினும் 90 குடும்பங்களிலிருந்து மாதம் 2,700 ரூபாய் தவறாமல் வந்தது. கிறிஸ்துமஸ் வசூலோடு ஒப்பிட்டால் இது சிறு தொகையே. ஆனால் ஜூன் மாதத்திலும் இருந்தது. ஐப்பசி மழையிலும் இருந்தது.

அதைக் கொண்டு என்ன செய்தோம்? மாதம் இரு சனிக்கிழமைகளில் நால்வர் சிறைக்குச் சென்று வரப் பேருந்துக் கட்டணம் கொடுத்தோம். விண்ணப்பம், நகல், சான்றிதழ் ஆகியவற்றுக்கான செலவுகளை ஏற்றோம். மகனைப் பார்க்கப் போக வழிச்செலவின்றித் தவித்த தாய்மாருக்கும் மனைவியருக்கும் உதவினோம். பிள்ளைகளின் நோட்டுப் புத்தகங்களை வாங்கினோம். விடுதலையாகி வருகிறவருக்கு ஒரு வேட்டி சட்டை, ஊருக்குப் போகக் கட்டணம், முதல் வாரத்துக்கு அரிசி பருப்பு. இந்தக் கடைசிச் செலவை எளிதாக எண்ணாதீர்கள். சிறை வாசலில் வெறுங்கையோடு நிற்பவரை அன்று முதலில் சந்திப்பது யார் என்பதைப் பொறுத்தே பல வேளைகளில் அவருடைய அடுத்த ஆண்டு அமைகிறது.

நம் பணத்தால் செய்யத் தேவையில்லாதவையும் உண்டு. அரசுத் திட்டம் தரக்கூடியதை அரசிடமே கேட்டுப் பெற்றுத் தருவதே முறை. நம் 2,700 ரூபாய் அதற்கான வழிச்செலவு. ஜாமீன் நிற்பதற்கோ பணத்தைவிட மனிதரே தேவை. நிற்பவர், கைதி குறித்த நாளில் மன்றத்துக்கு வருவதற்குப் பொறுப்பேற்கிறார்; வராவிடில் எழுதிக் கொடுத்த தொகையைக் கட்ட நேரிடலாம். ஆதலால் வழக்கறிஞரிடம் முதலில் கேட்டுத் தெளிந்து, குடும்பத்தை நன்கு அறிந்து நிற்க வேண்டும். அறிந்து நிற்பவருக்கு அச்சம் குறையும்.

இனி, ஒரு தடையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். எங்கள் கூட்டத்தில் ஒரு பெண்மணி எழுந்து கேட்டார்: “என் வீட்டுப் பூட்டை உடைத்து, மகளுக்குச் சேர்த்து வைத்த நகையைக் கொண்டு போனார்கள். அப்படிப்பட்டவனுக்கு நான் காசு கொடுக்க வேண்டுமா சாமி?” சபையில் சிலர் முணுமுணுத்தனர். நான் அவரைத் தடுக்கவில்லை. அவர் கேட்டது நேர்மையான கேள்வி. மறுநாள் அவர் வீட்டுக்குச் சென்றேன். அந்தத் திருட்டுக்குப் பின் ஒரே ஒரு முறைகூட நாங்கள் அவரைப் போய்ப் பார்க்கவில்லை என்பது அங்கேதான் எனக்கு உறைத்தது. காயம் பட்டவரை மறந்துவிட்டு, காயப்படுத்தியவரை மட்டும் தேடிச் செல்வது கிறிஸ்துவின் வழியாகாது. அது முதல், குற்றத்தால் பாதிக்கப்பட்ட குடும்பங்களைச் சந்திப்பதையும் எங்கள் குழு தன் கடமையாக ஏற்றது. உயிரிழப்பும் கொடுங்காயமும் நேர்ந்த குடும்பங்கள் இழப்பீடு கேட்பதற்கும் அதே சட்டப்பணிகள் ஆணைக்குழுதான் வழி. அப்பெண்மணி டப்பா எடுத்துக்கொள்ளவில்லை. நானும் வற்புறுத்தவில்லை. ஆனால் சிறைவாசி ஒருவரின் மகளுக்கென்று, தம் மகளின் பழைய பள்ளிப் பையைத் துவைத்துக் கொடுத்தனுப்பினார்.

பொதுப்பணத்தைக் கையாள்பவர்களுக்கும் ஒரு சொல். எருசலேம் ஏழைகளுக்கான காணிக்கையைக் கொண்டுசெல்லச் சின்னப்பர் தனியே செல்லவில்லை. திருச்சபைகள் தேர்ந்தெடுத்தவர்களைத் துணைக்கு வைத்துக்கொண்டார். பணத்தைப் பற்றி எவரும் பழி சொல்ல இடம் தரலாகாது என்று வெளிப்படையாகவே எழுதினார். ஆகவே இரசீது கொடுங்கள். வங்கிக் கணக்கில் இருவர் கையொப்பம் இருக்கட்டும். பங்குத் தந்தை ஒருவரே அதை வைத்திருக்க வேண்டாம். அவர் மாற்றலாகிப் போகும்போது பணியும் கூடவே போய்விடும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரவு செலவைக் கோயில் பலகையில் ஒட்டுங்கள். உதவி பெற்றவர்களின் பெயரை மட்டும் ஒட்டாதீர்கள். அவர்களுக்கும் மானம் உண்டு. சிறைக்குள் செல்பவர்கள் அதன் விதிகளை எழுத்துக்கு எழுத்து மதியுங்கள். அனுமதியின்றி ஒரு துண்டுச் சீட்டும் உள்ளே போகவோ வெளியே வரவோ கூடாது. ஒருவர் தவறினால் மூடப்படுவது அனைவருக்கும் உரிய கதவு.

வெளிநாட்டு உதவி வரும் என்று காத்திருக்கும் பங்குகளும் உண்டு. 2020-இல் செய்யப்பட்ட சட்டத் திருத்தத்துக்குப் பின், ஒரு நிறுவனம் பெற்ற வெளிநாட்டு நன்கொடையை மற்றொரு நிறுவனத்துக்கு மாற்றித் தர இயலாது. எனவே சிறிய குழுக்களுக்கு அவ்வழி பெரும்பாலும் அடைபட்டுவிட்டது. இதை ஓர் இழப்பாக மட்டும் நான் எண்ணவில்லை. தூரத்திலிருந்து வரும் பணம் சிறைவாசியின் வழிச்செலவுக்கு உதவும். ஆனால் அவர் திரும்பி வரும்போது தெருவில் அவரைக் கண்டு முகம் திருப்பாமல் நிற்கப் போவது நாம்தான். அடுப்படியில் நாளும் ஒரு ரூபாய் போட்ட கை, அவரைக் கண்டால் கதவைச் சாத்தத் தயங்கும்.

சிறையிலிருந்தபோது தம்மைத் தேடி வந்தவர்களையும் வராதவர்களையும் இறுதி நாளில் பிரிப்பதாக ஆண்டவர் கூறியிருக்கிறார். ஆண்டுக்கொருமுறை வந்தோரா, மாதந்தோறும் வந்தோரா என்று அவர் கேட்பாரோ என்னவோ, நான் அறியேன். ஆனால் ஒவ்வொரு ஞாயிறும் ஒருவர் நம்மை எதிர்பார்த்துக் காத்திருந்தார் என்பதை நான் அறிவேன்.

வருகின்ற சிறைப்பணி ஞாயிறன்று உங்களால் இயன்ற காணிக்கையைக் கொடுங்கள். அன்று மாலை வீடு திரும்பியதும், ஒரு காலி டப்பாவைக் கழுவித் துடைத்து அடுப்படியில் வையுங்கள். முதல் ரூபாயை உங்கள் வீட்டுச் சிறுபிள்ளை போடட்டும். எதற்காக என்று பிள்ளை கேட்கும். சொல்லுங்கள்.